கெளுத்திக்குச் சுத்திப் போட்ட உப்பு

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கிறியா கண்ணு? கீழ வெச்சா இன்ஜின் சூடு ஏறுது. மேல கம்பியில மாட்டினா இந்த டிரைவர் போடற பிரேக்குக்குக் கலங்கிப் போயிடும். பயப்படாதே, ஒண்ணும் பண்ணாது. மீனுதான், உயிர் மீனு. அழுத்திப் பிடிக்காதே, காத்து அடைச்ச கவரு, வெடிச்சுதுன்னா உன் சுடிதாரு நனைஞ்சு போயிடும். ஆங், அப்படித்தான். நீ எங்க இறங்கணும்? பட்டாபிராமா? அப்ப எனக்கு அப்புறந்தான். நான் ஆவடி.

கொளத்தூர்ல வாங்கினேன். அங்க தெரு முழுக்க மீன் கடைதான், பார்த்திருப்பே. கலர் கலரா தொங்க விட்டிருப்பாங்க. அதையெல்லாம் விட்டுட்டு இந்தக் கிழவி சாம்பல் கலருல எதையோ வாங்கிட்டுப் போறாளேன்னுதானே பார்க்கறே? இது கெளுத்தி. சாப்பிடற கெளுத்தி இல்ல, தொட்டிக் கெளுத்தி. இதுக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு இருக்கு, என் பையன் சொல்லுவான், எனக்கு வாயில நுழையாது. மீசை தெரியுதா? சின்னதா, வாய்கிட்ட. மீசை வெச்சிருக்கே ஒழிய ரொம்ப சாது. இது இன்னொரு மீனைக் கடிச்சு நான் பார்த்ததே இல்ல.

சிரிக்காதே, இந்த மீனுக்காக என் பையன் அழுதாம்மா. தாடி வெச்ச ஆம்பளை, ஜெர்மனியில வேலை பார்க்கறவன். போன்ல ஓன்னு அழுதான். அவங்க அப்பா செத்ததுக்கு ஒரு சொட்டு விடல. கல்லு மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தான். மீனுக்கு அழறான். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன், சொல்லு? சொந்தக்காரங்ககிட்ட சொன்னா ஊரெல்லாம் போயிடும். உன்கிட்ட சொன்னா நீ பட்டாபிராம்ல இறங்கிப் போயிடுவே. அதான் சொல்றேன். காதுல மாட்டியிருக்கறதை எடுக்கணும்னு இல்ல, ஒரு காதுல கேட்டாப் போதும்.

பரணி காலேஜ் படிக்கும்போது வாங்கிட்டு வந்தான் முதல்ல. கண்ணாடித் தொட்டி, மணலு, பம்பு, இதுல ஒரு அரை டஜன். நான் பார்த்துட்டு, "டேய், கெளுத்தின்னா குழம்புக்காவது ஆகணும், இது எவ்வளவு பெருசு வரும்"னு கேட்டேன். "இவ்வளவுதாம்மா, சுண்டு விரல் அளவு"ன்னான். "அப்புறம் எதுக்குடா?"ன்னேன். "சாதும்மா. யார் வம்புக்கும் போகாது. அடியில விழுந்ததைத் தின்னுக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கும்"னான். "அப்ப உங்கப்பா மாதிரின்னு சொல்லு"ன்னேன். அப்பனும் அங்கதான் உட்கார்ந்திருந்தாரு. ரெண்டு பேரும் சிரிக்கல. நான்தான் சிரிச்சேன்.

எங்க வீட்டுக்காரரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல லேத்து ஓட்டினவரு. காலம் பூரா அந்த மிஷின் சத்தத்துலயே இருந்தாரா, வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. சாப்பாடு நல்லா இருந்தா இன்னொரு வாய் கேப்பாரு, நல்லா இல்லேன்னா தண்ணி குடிச்சுட்டு எழுந்துக்குவாரு. அதை வெச்சு நானே தெரிஞ்சுக்கணும். பையனும் அப்படியே. ரெண்டு பேரையும் ஒரு ரூம்புல விட்டா ஆள் இருக்கற சத்தமே வராது. அவன் ஜெர்மனிக்குப் போகும்போது ஏர்போர்ட்டுல நிக்கறோம், எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழறாங்க சுத்தி. இவன் அப்பன்கிட்ட சொல்றான், "தண்ணியை மொத்தமா மாத்தாதீங்கப்பா, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. உப்பு மட்டும் போட்டுடாதீங்க. கடைக்காரங்க எதுக்கெடுத்தாலும் கல்லுப்பு போடச் சொல்லுவாங்க, இந்த மீனுக்கு ஆகாது, எரிஞ்சு போயிடும்." அவரு தலையை ஆட்டினாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் நேர்ல பேசினது அதோட சரி.

அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் வரும். வீடியோ. அவரு போனை எடுத்துட்டுப் போயி தொட்டிக்கு முன்னாடி பிடிச்சுக்குவாரு. "தண்ணி மாத்தினீங்களா?" "மாத்தினேன்." "எல்லாம் இருக்கா?" "இருக்கு." "சரிப்பா." "சரிப்பா." இதான் பேச்சு. பக்கத்துல நிக்கற எனக்குப் பொறுக்காது. மூஞ்சியைக் காட்டுங்கன்னு பிடுங்குவேன். புள்ளை இளைச்சுட்டானா கறுத்துட்டானான்னு பார்க்க வேணாமா? இவங்களுக்கு மீனைப் பார்த்தாப் போதும். வருஷக்கணக்கா இப்படியே ஓடிச்சு.

போன ஐப்பசியில போயிட்டாரு. நல்ல மழை. காலையில காபி குடிச்சாரு, தண்ணி மாத்தறேன்னு தொட்டிக்கிட்ட ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாரு. டியூப்பை ஒரு நுனி தொட்டியில விட்டு, இன்னொரு நுனியை பக்கெட்டுல விட்டு உறிஞ்சி விடுவாங்க இல்ல, அது மாதிரி. நான் சமையல்கட்டுல இருக்கேன். வந்து பார்த்தா பக்கெட்டு நிரம்பி ஹாலு பூரா தண்ணி ஓடுது. "ஏங்க, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, தண்ணி ஓடுது பாருங்க"ன்னு கத்தினேன். அப்படியே சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காரு. டியூப்பு கையில இருக்கு. எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. டியூப்பை வாங்கி மேல தூக்கிப் போட்டுட்டு, மொதல்ல தரையைத் துடைச்சேன். நாலு பேரு ஓடி வருவாங்க இல்ல, வழுக்கி விழுந்துட்டா? துடைச்சுட்டுத்தான் மேல்மாடி லலிதாவைக் கூப்பிட்டேன்.

அப்புறம் எழவு வீடுதான், தெரியுமே. ஆளுங்க வந்தாங்க, சாமியானா போட்டாங்க. ஐஸ் பெட்டி கொண்டாந்தாங்க. எங்க ஹாலுல இருக்கறது ரெண்டு பிளக், அதுல ஒண்ணு கெட்டுப் போயி வருஷமாச்சு. யாரோ தொட்டி பம்பைப் புடுங்கிட்டு ஐஸ் பெட்டியைச் சொருகிட்டாங்க. யாரும் கவனிக்கல. நானும் கவனிக்கல. எனக்கு ஒண்ணுமே தோணல அப்ப. பொம்பளைங்க வந்து கட்டிப் பிடிச்சு அழறாங்க, நான் அவங்க முதுகைத் தட்டிக் குடுக்கறேன். லலிதாகூட சொன்னா, "அக்கா, நீங்க அழுதுடுங்க, நெஞ்சுல தேங்கிடும்"னு. அழத்தான் உட்கார்ந்தேன். வரல. வர்ற நேரத்துக்கு வரும்னு விட்டுட்டேன்.

பரணியால வர முடியல. அவனுக்கு அங்க என்னமோ விசா பேப்பர் மாத்திக்கிட்டு இருந்தாங்களாம், நடுவுல வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்களாம். வேலை போயிடும். "வராதேடா"ன்னு நான்தான் சொன்னேன். சொல்லாம என்ன பண்றது? கொழுந்தன் பையன் கொள்ளி வெச்சான். பரணிக்கு வீடியோல காட்டினாங்க. கொழுந்தன்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பெட்டிகிட்ட கொண்டு போய், "பாருடா, உங்கப்பனைப் பாரு"ன்னு அவரே அழறாரு. இவன் பார்க்கறான், பார்க்கறான். கண்ணு அசையல. அப்புறம் வாயைத் திறந்தான். என்னா சொன்னான் தெரியுமா? "சித்தப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, பம்பு ஓடல. தண்ணியும் பாதிதான் இருக்கு."

ஊரே கேட்டுச்சு. என் ஓர்ப்படி ரேணுகா இருக்காளே, கொழுந்தன் பொண்டாட்டி, அவ மூஞ்சியைப் பார்க்கணுமே நீ. அப்பன் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு, புள்ளை பம்பைப் பத்திக் கேக்கறான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. எழுந்து போயிட்டேன் அங்கிருந்து. லலிதா வீட்டுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்துச்சு, அதை வாங்கியாந்து மாடியிலருந்து வயரை இழுத்து பம்பைப் போட்டு விட்டேன். பின்ன? மீனு செத்துடும் இல்ல? செத்துக்கூட இருக்கணும். ஆனா இந்தக் கெளுத்தி இருக்கே, மூச்சு முட்டினா விருட்டுனு மேல வந்து ஒரு வாய் காத்தைக் குடிச்சுட்டு திரும்ப அடிக்குப் போயிடும். அப்படியே காலந்தள்ளிக்கும். நான் வயரை மாட்டும்போது எல்லாம் அப்படித்தான் மேலயும் கீழயும் போயிக்கிட்டிருந்துச்சு.

எடுத்துட்டுப் போனப்புறம் வீட்டைக் கழுவி விட்டாங்க. நானும் தொட்டியை நிரப்பினேன். அவரு பாதி எடுத்து வெச்சுட்டுப் போயிட்டாரே, அப்படியே விட முடியுமா? மாடித் தொட்டித் தண்ணி, மழைக்கு ஐஸாட்டம் இருந்துச்சு. பக்கெட் பக்கெட்டா ஊத்தினேன். மறுநாள் பொழுது விடிஞ்சு பார்க்கறேன், கண்ணாடி பூரா ஜவ்வரிசி ஒட்டி வெச்சாப்புல இருக்கு. யாரோ எச்சில் கையைத் துடைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். எழவுக்கு வந்த புள்ளைங்க வேலைன்னு ஈரத்துணியை எடுத்துட்டேன். அந்த நேரம் பார்த்து போன். காட்டினேன். "அம்மா, தொடாதே. அது முட்டை"ன்னு கத்தறான். அவன் குரல் அப்படி உசந்து நான் கேட்டதில்ல.

பாதித் தண்ணி போயி, அப்புறம் குளுகுளுன்னு புதுத் தண்ணி வந்தா அதுக்கு மழைக்காலம்னு தோணிடுமாம், அப்பதான் முட்டை போடுமாம். அவங்க அப்பா இத்தனை வருஷமா பார்த்துப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தினாரு, தண்ணியையும் வெயில்ல வெச்சு சூடு பண்ணி ஊத்துவாரு. பாவம், மீனுக்குச் சளி பிடிச்சுடும்னு. ஒரு தடவைகூட முட்டை போடல. அவரு பாதியில விட்டுட்டுப் போனதுலதான் போட்டுச்சு. அதைச் சொல்லும்போது பரணி நடுவுல நிறுத்திட்டான். சிக்னல் போயிடுச்சு போல.

அப்புறம் வந்துச்சு பாரு, போன் மேல போன். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. முட்டையை விரலால உருட்டி எடுக்கணும், அப்படியே விட்டா பெத்ததே தின்னுடும். எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு, பம்பிலருந்து ஒரு டியூப்பு விட்டு, காய்ஞ்ச பாதாம் இலை ஒண்ணு போட்டு வைக்கணும், பூஞ்சை பிடிக்காம இருக்க. பாதாம் இலைன்னா நம்ம நாட்டு வாதா மரத்து இலைதான், ஸ்கூல் காம்பவுண்டுல கொட்டிக் கிடக்கும். தாலி எடுக்காத பொம்பளை, வாசலைத் தாண்டக் கூடாதுங்கறாங்க. நான் முக்காட்டைப் போட்டுக்கிட்டு வாதா இலை பொறுக்கப் போனேன். குஞ்சு பொரிஞ்சதும் என்ன தீனின்னு கேட்டா, வேகவெச்ச முட்டை மஞ்சக்கருவாம். துணியில முடிச்சு கட்டி தண்ணியில லேசா பிழியணும். காரியம் முடியாத வீட்டுல கோழிமுட்டை வேகுது. ரேணுகா மோப்பம் பிடிச்சு வந்துட்டா. "அக்கா, என்ன அக்கா இது"ன்னா. "மீனுக்கு"ன்னேன். நம்பல. ஊர் வாயை மூட உலைமூடி இல்ல, போய் என்னென்ன சொன்னாளோ. நான்தான் தின்னேன்னு சொல்லியிருப்பா. சொல்லிட்டுப் போகட்டும்.

எனக்கு அப்ப வாயில ருசியே தெரியாது கண்ணு. இப்பவும் அவ்வளவா தெரியல. புளி, காரம், உப்பு எல்லாம் ஒண்ணுதான். ஏதோ போடுவேன், ஏதோ தின்னுவேன். ஆனா அந்தக் குஞ்சுங்களுக்கு வேளா வேளைக்குத் தவறாது. சீரகம் அளவு இருக்கும், ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். அப்புறம் உளுந்து அளவு வந்துச்சு, மீசை முளைச்சுது. வேளா வேளைக்குத் தண்ணி மாத்தி, அழுக்கை உறிஞ்சி எடுத்து, செத்ததைத் தனியா எடுத்து. பரணி பார்த்துக்கிட்டே இருப்பான். நான் பண்றதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவான், அங்கருந்து. "என்னடா திங்கறே?"ம்பேன். "ரொட்டிம்மா." "தொட்டுக்க?" "இருக்கும்மா." அப்பவும் அவங்க அப்பா பேச்சை நாங்க எடுக்கல. அவனும் எடுக்கல, நானும் எடுக்கல. மீனைப் பேசவே நேரம் சரியா இருந்துச்சு. குஞ்சுங்க தேறினப்புறம் போன் பழையபடி ஞாயித்துக்கிழமைக்குன்னு ஆயிடுச்சு. ஒரு தடவை முட்டை போட ஆரம்பிச்சா நிறுத்தாது, மழை வந்தாப் போடும், நானா குளுந்த தண்ணி ஊத்தினாலும் போடும். பெரிய தொட்டி பூரா பெருசும் சிறுசுமா, அடி மணலு தெரியாது. அவரு இருந்த வரைக்கும் அந்தத் தொட்டியை நான் திரும்பிப் பார்த்ததில்ல. இப்ப காலையில எழுந்ததும் அதுகிட்டதான் போவேன்.

இந்த ஆடியிலதான் அது நடந்துச்சு. கூழ் ஊத்தறதுக்கு வசூல் கேக்க வந்த லலிதா, தொட்டியைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு, "பத்மாக்கா, எழவு விழுந்த வீடா இது? பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி இல்ல இருக்கு"ன்னா. நல்ல பொம்பளைதான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குடுத்தவதான். ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருக்கு இல்ல? கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. அவ வந்துட்டுப் போன மறுநாளே ஒரு குஞ்சு மல்லாந்துடுச்சு. எப்பவும் ஒண்ணு ரெண்டு போகும்தான். ஆனா இது அவ வந்துட்டுப் போனதுக்கு மறுநாளு.

செவ்வாக்கிழமை பார்த்து சுத்திப் போட்டேன். கை நிறைய கல்லுப்பு எடுத்து, தொட்டியைச் சுத்தி வர முடியாது, சுவத்தோரம் இருக்கு, அதனால கண்ணாடிக்கு முன்னாடி நின்னு இப்படி மூணு சுத்து, அப்படி மூணு சுத்து. ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு எல்லாக் கண்ணும் கரைஞ்சு போகட்டும்னு. சுத்தின உப்பைத் தண்ணியிலதானே போடணும்? உப்பு கரையறாப்புல கண்ணும் கரையணும், அதானே கணக்கு. மனுஷனுக்குச் சுத்தினா சொம்புத் தண்ணி. மீனு இருக்கறதே தண்ணியில, இதுக்கு வேற தண்ணிக்கு எங்க போவேன்? அதுலயே போட்டேன்.

நீ என்ன பார்க்கறே? பரணி சொன்னது எனக்கு மறக்கல. அவன் சொன்னது மருந்து உப்பு. சீக்குக்குக் கடைக்காரன் போடச் சொல்றது. அதைப் போடக் கூடாதுன்னான், நான் ஒருநாளும் போட்டதில்ல. இது சுத்திப் போட்ட உப்பு. அது வேற, இது வேற. இன்னைக்கு அந்தக் கொளத்தூர்க்காரரும் அதையேதான் சொல்றாரு, "உப்பு பக்கம் போயிடாதீங்கம்மா"ன்னு. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது.

ஆனா பாரு, அந்தக் கண்ணு அப்படிப்பட்ட கண்ணு. நான் சுத்தின அன்னைக்கே இன்னும் கொஞ்சம் போச்சு. வெள்ளிக்கிழமை மறுபடி சுத்தினேன். கொஞ்சம் கூடவே எடுத்துக்கிட்டேன் கையில. மறுநாளு ரெண்டு கையாலயும் எடுத்தேன். விடல. குஞ்சுங்க போச்சு, அப்புறம் நடுத்தரமா இருந்ததுங்க போச்சு. மீசையெல்லாம் கரைஞ்சு போயி, மூஞ்சி சிவந்து போயி, விருட்டு விருட்டுனு மேல வந்து காத்துக் குடிச்சுதுங்க. கடைசியில அந்தப் பழசுங்க. பரணி காலேஜ் படிக்கும்போது வாங்கினதுங்க, அவங்க அப்பா பார்த்துக்கிட்டதுங்க. அதுங்களும் ஒரே காலையில. இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே சுத்தியிருந்தா காப்பாத்தியிருக்கலாம், என்னமோ.

எல்லாத்தையும் எடுத்து முருங்கை மரத்தடியில போட்டு மூடினேன். கையைக் கழுவினேன். ஒண்ணும் தோணல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் தோணிச்சு, போன் வருமேன்னு.

வந்துச்சு. காட்டும்மான்னான். "பரணி, மீனெல்லாம் போயிடுச்சுடா"ன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"பழசுமாம்மா?"

"பழசுந்தான்."

அப்புறம், "உப்பு போட்டியாம்மா?"ன்னான். எனக்குச் சுர்ருனு வந்துடுச்சு. "நீ சொன்னதுக்கப்புறம் போடுவேனாடா? திருஷ்டிக்குச் சுத்தித்தான் போட்டேன். லலிதா வந்து கண்ணு வெச்சுட்டுப் போயிட்டா"ன்னு நடந்ததையெல்லாம் சொன்னேன். எவ்வளவு உப்புன்னான். கைப்பிடிதாண்டா, கொஞ்ச நாளுன்னேன். அப்புறம் சொல்றான், "சரிம்மா. அது கண்ணுதான். நீ என்ன பண்ணுவே? அது கண்ணுதாம்மா."

பார்த்தியா, எவ்வளவு படிச்சவன். சின்ன வயசுல சுத்திப் போட வந்தா ஓடுவான், மூட நம்பிக்கைம்பான். கடைசியில அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான் பாரு. எனக்கு அதுல ஒரு திருப்தி. அந்தத் திருப்தியில இருக்கும்போதுதான் அழ ஆரம்பிச்சான். மொதல்ல இருமறான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா மூஞ்சியைக் கையால மூடிக்கிட்டு, தோளெல்லாம் குலுங்குது. சின்னப் புள்ளை அழறாப்புல, மூச்சு வாங்கி வாங்கி. "டேய், மீனுக்குப் போயா? கொளத்தூர் போனா கவர் கவரா தொங்குது, வாங்கிட்டா போச்சு"ன்னேன். அப்படிச் சொன்னதும் இன்னும் பெருசா அழறான். நான் போனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்குக் கோவந்தான் வந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன? அன்னைக்கு அந்தப் பெட்டிக்கு முன்னாடி இதுல கால்வாசி அழுதிருந்தா ஊரு வாயை அடைச்சிருக்கலாம். சித்தப்பன் தேம்பறான், பெத்த புள்ளை பம்பைக் கேட்டான்னு இன்னைக்கும் ரேணுகா சொல்லிக் காட்டறா.

அழுது முடிச்சுட்டு மூக்கைத் துடைச்சான். "நீ அழுதியாம்மா?"ன்னான்.

"மீனுக்கா?"ன்னேன்.

"மீனுக்கு இல்லம்மா"ன்னான்.

குக்கர் விசில் அடிக்குதுடா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். குக்கர் எங்க வெச்சேன் நானு. ஒத்தை ஆளுக்கு எதுக்குக் குக்கரு? ஒரு டம்ளர் அரிசி போட்டு வடிச்சா ரெண்டு வேளைக்கு ஓடிடும்.

அந்த வாரமே டிக்கெட் போட்டுட்டான். பேப்பரெல்லாம் வந்துடுச்சாம். நாளைக்குக் காலையில வர்றான். அடுத்த வாரம் அவங்க அப்பா வருஷ தெவசம், அதுக்குத்தான். வரட்டும், வர வேண்டியதுதான். தலைமகன் கையால எள்ளும் தண்ணியும் இறைக்கணும் இல்ல? அதெல்லாம் சந்தோஷந்தான். வாசல்ல நிக்க வெச்சு ஆரத்தி எடுக்கணும், அவனுக்கும் சுத்திப் போடணும். மீனுக்கும் சேர்த்துப் போட்டுடலாம், இந்தத் தடவை எவ கண்ணும் படறதுக்கு முன்னாடியே. உப்பு பாக்கெட்டு இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு.

ஆனா முந்தாநாள் போன் பண்ணி ஒண்ணு சொன்னான். அதுலருந்துதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. "மீன் எதுவும் வாங்கி வைக்காதேம்மா. தொட்டி காலியாவே இருக்கட்டும். வந்ததும் நீயும் நானும் சும்மா உட்கார்ந்து பேசணும்"னான்.

பேசணுமாம்.

எங்க வீட்டுல யாரும்மா உட்கார்ந்து பேசியிருக்காங்க? அவங்க அப்பாவோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், நாங்களே பேசினதில்ல. இவன் வந்து என்னத்தைக் கேக்கப் போறான்? எப்படிம்மா ஆச்சும்பான். கடைசியா என்ன சொன்னாரும்பான். நான் என்னன்னு சொல்லுவேன்? தண்ணி ஓடுதுன்னு கத்தினதைச் சொல்லவா? ராத்திரியில தூங்கறியாம்பான். ஒரு வருஷமா ஒண்ணும் தோணாம நல்லாத்தான் இருந்தேன். அவன் அந்த வார்த்தையைச் சொன்னதுலருந்து வீட்டுல உட்கார முடியல கண்ணு. அதான் காலையில எழுந்ததும் வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கொளத்தூர் கிளம்பிட்டேன்.

இந்தா, ஆவடி வந்துடுச்சு, பையைக் குடு. கொஞ்சம் காலை நகர்த்திக்கோ. வேணாம்னு சொன்னவன்தான், திட்டினாலும் திட்டுவான், திட்டிட்டுப் போகட்டும். தொட்டியில இதுங்க ஓடிக்கிட்டு இருந்தா வந்ததும் அதுகிட்ட போய் நிப்பான். மீனு இல்லேன்னா அவன் என் மூஞ்சியை இல்ல பார்ப்பான்.